கட்டடத்துக்கு வெளியே

2001 ஜனவரி 26 காலை 8.46 மணி. 7.7 அளவுள்ள நிலநடுக்கம் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தை உலுக்கியபோது, அஞ்சார் நகரின் குறுகிய தெரு ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளின் குடியரசு நாள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. இருபுறத்து வீடுகளும் தெருவில் சரிந்து 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். அவர்கள் யாரும் அந்நேரம் பள்ளிக்குள் இல்லை. பள்ளியின் தூணும் உத்திரமும் எவ்வளவு உறுதியாக இருந்திருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

அந்த நிலநடுக்கம் கட்டடப் பொறியியலான நம் துறைக்கு நிறையவே கற்றுத்தந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 1893 அடுத்த ஆண்டே திருத்தப்பட்டது. 200 கி.மீ.க்கு அப்பால் அகமதாபாத்தில், வண்டி நிறுத்தத் திறந்துவிட்ட தரைத்தளத்தின்மேல் நின்ற அடுக்குமாடிகள் விழுந்ததை எல்லோரும் படித்துவிட்டோம். ஆனால் நம் கள அறிக்கைகளில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களில் எழுதப்பட்டவை. விரிசலை அளந்தோம், படம் எடுத்தோம், திரும்பிவிட்டோம். ஊரின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அதே மாவட்டத்தின் புஜ் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டைக்குள் இருந்த பழைய ஊரில் தெருக்களை அகலப்படுத்த நகரமைப்புத் திட்டம் போட்டார்கள். மனைகளிலிருந்து ஒரு பங்கு கழித்து எடுக்கப்பட்டது; மனை பெரிதானால் கழிவும் கூடுதல். அளந்து, ஆட்சேபம் கேட்டு, மறுபடி வரைந்து முடிக்கும்வரை வீட்டுக்காரரும் கடைக்காரரும் காத்துக்கிடந்தார்கள். தாமதம் என்று அன்று ஏச்சு வாங்கிய வேலை அது. எங்கள் பார்வையில், அஞ்சார் தெருவுக்கு நேரடியாகப் பதில் சொன்ன வேலையும் அதுதான். அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது: மனைக்குக் கணக்கு இருந்தது, வாடகைக்குக் குடியிருந்தவருக்குத் தொடக்கத்தில் கணக்கே இல்லை.

தொழிலுக்கு வருவோம். புதிய ஆலைகளுக்குக் கலால் வரி விலக்கு அறிவிக்கப்பட்டதும் கட்சுக்குப் பெருமுதலீடு வந்தது. புள்ளிவிவரத்தில் மாவட்டம் எழுந்து நின்றது. ஆனால் அங்கே முன்பே தொழில் செய்துவந்தவர்களுக்கு? தமட்கா கிராமத்தில் இயற்கைச் சாயத்தால் அஜ்ரக் துணி அச்சிடுவோர் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். நிலநடுக்கத்துக்குப் பின் அவ்வூர்த் தண்ணீரில் இரும்பு கூடிவிட்டது. இரும்பு ஏறினால் இயற்கைச் சாயம் கறுத்துப் போகும். வீட்டை எவ்வளவு நன்றாகக் கட்டிக் கொடுத்தாலும் துணி அலச நல்ல தண்ணீர் இல்லாமல் அந்தத் தொழில் நடக்காது. துணி அச்சிட்டுவந்த கத்ரி சமூகக் குடும்பங்கள் பல, புஜ்ஜுக்கு அருகே நிலம் வாங்கிக் குடிபெயர்ந்தன. அந்தப் புது ஊர்தான் அஜ்ரக்பூர். கட்டி முடித்த வீடுகளை எண்ணும் எந்தப் பட்டியலிலும் இந்த இழப்பும் தெரியாது, இந்த மீட்சியும் தெரியாது. மண் ஆய்வுக்குக் குழி தோண்டுகிற நாம் கிணற்று நீரையும் ஒரு குப்பியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன? செலவு அதிகமில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள், வருகிற இதழ்முதல் அதை நிபந்தனையாகவே கொள்கிறோம். புனரமைப்பு பற்றிய கட்டுரைகளில், கட்டிமுடித்து எத்தனை ஆண்டு கழித்து அந்த ஊருக்கு மீண்டும் போய்ப் பார்த்தீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். பள்ளியைப் பற்றி எழுதினால் பிள்ளைகள் நடந்துவரும் தெருவின் அகலத்தையும், அதன் இருபுறத்துச் சுவர்களின் நிலையையும் சேர்த்து எழுதுங்கள். குடியிருப்பு என்றால், இடிந்த வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் இப்போது எங்கே என்று விசாரித்து எழுதுங்கள்.