லைசென்ஸ் வேண்டாங்கிறதுக்காக முயலைச் சுடலாமா?

எங்க பக்கம் பண்ணை நிலம் வாங்கிப் போட்டிருக்கிற பட்டணத்து நண்பர்கள் ரெண்டு மூணு பேர் இந்த வருசம் ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க. "அண்ணா, சல்லிசா ஒரு ஏர் பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். லைசென்ஸ் வேண்டாமாமே. டப்பா சுட்டுப் பழகலாம், அப்படியே முயல், கௌதாரி வந்தா ஒரு கை பாக்கலாம். எது நல்லாருக்கும்?"

கேக்கறவங்க கெட்டவங்க இல்லீங்க. வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு சனிக்கிழமை ஆனா மண்ணை மிதிக்கணும்னு ஓடி வர்றவங்க. ஆனா ரெண்டு கேள்விய ஒரே மூட்டையில கட்டிக் கொண்டு வர்றாங்க. டப்பா சுடறது ஒண்ணு, உசுரச் சுடறது வேற. முதல் கேள்விக்கு எங்கிட்ட பதில் இருக்கு. ரெண்டாவதுக்குக் கோவந்தான் இருக்கு.

டப்பாவுக்குன்னா தாராளமா வாங்குங்க. மெரினாவுல பலூன் சுட்டிருப்பீங்கல்ல, அதே சங்கதிதான், கைக்கு அடக்கமா இருக்கும், அவ்வளவுதான். பட்ஜெட் கம்மின்னா குழாய மடக்கி ஸ்பிரிங்கை ஏத்தற மாதிரி பிஸ்டல் போதும். ஒரு தடவை காசு கொடுத்தா அப்புறம் ஈய ரவைக்கு மட்டுந்தான் செலவு. கேஸ் சிலிண்டர் போடறது பார்க்க சினிமாத் துப்பாக்கி மாதிரி இருக்கும், பட்டுபட்டுன்னு சுடும். ஆனா 12 கிராம் சிலிண்டர் ஒண்ணு சில டஜன் குண்டுக்குள்ள காலியாயிரும். துப்பாக்கி விலையப் பார்த்து ஏமாந்துராதீங்க, சிலிண்டர் வாங்கியே சட்டைப்பை ஓட்டையாயிரும். அதுல பல மாடல்ல போடறது உருண்டை இரும்புக் குண்டு. கல்லுலயோ கெட்டித் தகரத்துலயோ பட்டா வந்த வழியே திரும்பி வரும். ஈய ரவை அடிபட்டா நசுங்கும், அது பரவால்ல. எதுவா இருந்தாலும் கண்ணுக்குக் கண்ணாடி போடாம சுடாதீங்க. டப்பாவுக்குப் பின்னாடி மண்ணு மூட்டை அடுக்குங்க. வேலிக்கு அந்தாண்ட யாராவது களை பறிச்சுட்டு இருப்பாங்கங்கிறத மறந்துராதீங்க.

இனி முயல் கதைக்கு வருவோம்.

லைசென்ஸ் வேண்டாங்கிறது எதுக்குன்னு யாராச்சும் யோசிச்சாங்களா? 2016 ஆயுத விதிகள்ல கணக்கு இருக்கு. குழாய் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்கு மேல போகக் கூடாது. அதைத் தாண்டினா லைசென்ஸ். தாண்டாதது பலம் கம்மியான சாமான், அதனாலதான் விட்டு வச்சிருக்காங்க. பலம் கம்மிங்கிறதுதான் வேட்டைக்கு அதோட பெரிய குத்தமே.

ஒரு ரவை அரை கிராம் இருக்கும். சாதாரண ஏர் பிஸ்டல்ல இருந்து அது நொடிக்கு 120 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வச்சுக்குங்க, மூணரை ஜூல் சொச்சம் வரும். நெசமான பாயிண்ட் 22 தோட்டாவுக்கு 100 ஜூலுக்கு மேல. இங்கிலாந்துல முயல் சுட அனுமதி உண்டு. அங்க லைசென்ஸ் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு 16 ஜூல் வரைக்கும் விடறாங்க, பிஸ்டலுக்கு 8 ஜூலோட நிறுத்திட்டாங்க. அந்த மூணரை ஜூல் முயலைக் கொல்லாதுங்க. தோலைக் கிழிச்சு உள்ள போயி நிக்கும். முயல் புதருக்குள்ள ஓடிரும், நீங்க "மிஸ் ஆயிருச்சு"ன்னு டீ குடிக்கப் போயிருவீங்க. அது நாலு நாள் சீப் புடிச்சுச் சாகும்.

போன தை மாசம் எங்க வாய்க்கால் ஓரம் ஒரு மயில் ரெக்கை தொங்கிக் கெடந்தது. தூக்கிப் பார்த்தா ரெக்கை மூட்டுல ஈய ரவை. எங்க ஊர்ல யாருகிட்டயும் ஏர்கன் கெடையாது. ஆனா விசாரிக்க வந்தவங்க முதல்ல கூப்பிட்டது கடலை போட்டிருந்த எங்களத்தான். "மயில் மேய்ஞ்சுது, அதான் அடிச்சீங்களா?"ன்னு கேள்வி. சுட்டவன் ஞாயித்துக்கிழமை சாயந்திரமே கார் ஏறிப் போயிருப்பான். நாங்க ரெண்டு நாள் வேலைய விட்டுட்டு அலைஞ்சோம்.

சட்டத்தையும் சொல்லிருறேன். 1972 வன உயிரினச் சட்டத்துல வேட்டைங்கிறதுக்குக் கொல்றது மட்டும் அர்த்தமில்ல. காயப்படுத்தினாலும் வேட்டை, முயற்சி பண்ணினாலும் வேட்டை. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடற பழைய வழியும் 1991 திருத்தத்தோட போச்சு. மயில் முதல் அட்டவணை, 3 வருசத்துல இருந்து 7 வருசம் வரைக்கும் ஜெயில். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்னா முயலுக்கும் வேண்டாம்னு ஆயிருமா? அருவா வாங்கக்கூடத்தான் லைசென்ஸ் வேண்டாம்.

"அப்ப நெசத் துப்பாக்கியே வாங்கிக்கறேன், நான் நில ஓனர்தானே"ன்னு ஒருத்தர் சொன்னாரு. 1959 ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்குன்னு பேர் சொல்லியிருக்கிறது வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நீளத் துப்பாக்கியத்தான், பிஸ்டல இல்ல. அந்த நீளத் துப்பாக்கி வச்சிருக்கிறவங்களும் தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போயி ஒப்படைச்சுட்டு, பன்னி வர்ற ராத்திரியெல்லாம் கைத்தடியோட உக்காந்திருக்கணும்.

இதையெல்லாம் சொல்றதால மயில் மேல பாசம் பொங்கி வழியுதுன்னு நெனைக்காதீங்க. விதைச்ச கடலையக் கோடு புடிச்ச மாதிரி சால் சாலா கிளறித் தின்னுட்டுப் போற மயிலைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். மக்காச்சோளத்துல பன்னி புகுந்தா ஒரே ராத்திரியில கால் ஏக்கர் படுத்துரும். நாங்க பழைய சேலை கட்டறோம், தகரம் தட்டறோம், பரண்ல தூங்காம கெடக்கறோம். காப்புக் காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னிய வனத்துறை ஆளுங்களே சுடுவாங்கன்னு 2025 தொடக்கத்துல அரசு சொல்லுச்சு. அதுக்குத்தான் காத்திருக்கோம். அவுட்டுக்காய் வைக்கிறவன் எங்கள்லயும் இருக்கான், அதக் கடிச்சு யானையே வாய் கிழிஞ்சு செத்திருக்கு, அவனையும் இதே வாயாலதான் திட்டறேன். ஆனா வெள்ளாமை போற வயித்தெரிச்சல்ல இருக்கிறவனே கைய கட்டிக்கிட்டு நிக்கறப்ப, ஒரு கடலைக்காய்கூட நட்டம் இல்லாத நீங்க பொழுதுபோக்குக்குச் சுடுவீங்களா?

குறி பார்க்கிற ஆசை நல்ல ஆசைங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல வெண்கலம் வாங்குச்சே, அந்தப் பிஸ்டலும் 4.5 மில்லிமீட்டர்தான். அதுல பத்துப் பாயிண்ட் வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதுல பத்துக்குப் பத்து அடிச்சுக் காட்டுங்க, உங்க ஆயுசுக்கும் அந்த வேலை போதும். உங்க ஊர்ல ரைஃபிள் கிளப் இருந்தா சேருங்க, வாங்கறதுக்கு முன்னாடி அங்கயே நாலஞ்ச கையில புடிச்சுப் பாக்கலாம்.

எங்க தோட்டத்துக்கு வந்தா மண்ணு மூட்டை நான் அடுக்கித் தர்றேன், டப்பா நீங்க கொண்டு வாங்க. ஆடிப்பட்டத்துக்குக் கடலை போடறோம், விதைச்சுப் பத்து நாளைக்கு விடிகாலை அஞ்சு மணிக்கு மயில் வெரட்ட ஆள் வேணும். சுட்டு முடிச்ச டப்பாவத் தூக்கிப் போட்டுராதீங்க, தட்டறதுக்கு ஆகும்.