மேலே தார், கீழே களி! கரிசல் பூமியில் ரோடு தாங்காதது ஏன்?

கோவில்பட்டி:

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பக்கம் வீடு கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் கரிசல் மண்ணைத் தோண்டி வெளியே அள்ளிப் போடுவார்கள். பிறகு சரள் மண்ணோ மணலோ கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்குவார்கள். அதற்கப்புறம்தான் அஸ்திவாரத்துக்கு கல் இறங்கும். செலவு கூடத்தான் செய்யும். ஆனால் அந்த செலவுக்கு பயந்தால் ரெண்டு மழையில் சுவர் வாய் பிளந்துவிடும் என்பது இந்தப் பக்கத்து கொத்தனார்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வீட்டுக்கு ஞாபகம் வருகிற இந்த சங்கதி ரோட்டுக்கு மட்டும் மறந்து போகிறது.

ரோடு போட்டு ஒரு வருஷம் ஆகியிருக்காது. ஓரத்தில் நீளவாக்கில் ஒரு கீறல் விழும். மழை வந்ததும் அந்த இடம் அமுங்கும். பஸ் ஏறி இறங்க இறங்க முதலை தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடிக்கும். அப்புறம் பள்ளம். "தாரில் கை வைச்சுட்டானுங்க" என்று டீக்கடையில் பேச்சு ஓடும். சில ரோட்டுக்கு அந்தப் பேச்சு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கரிசல் பூமியில் தாரை கொஞ்சமும் குறைக்காமல் போட்டாலும் ரோடு உடையும். காரணம் மேலே இல்லை, கீழே இருக்கிறது.

வெயிலில் பாறை, மழையில் களி

கரிசல் மண்ணின் குணம் சம்சாரிகளுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைகிறது. சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பி, செருப்பைப் பிடுங்கும் களியாகும். விவசாயத்துக்கு வரமான அதே குணம்தான் ரோட்டுக்கு எமன்.

எவ்வளவு உப்பும் என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. உலர்த்தி சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் எடுத்து ரெண்டு கண்ணாடி குழாய்களில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்கு இந்த மண் உப்பாது. 24 மணி நேரம் கழித்து மண்ணெண்ணெயில் 10 அளவில் நிற்கும் மண், தண்ணீரில் 15 அளவுக்கு ஏறியிருந்தால் உப்பல் 50 சதவீதம். அதற்கு மேல் உப்பும் களிமண்ணை ரோடு மேடு நிரப்ப பயன்படுத்தவே கூடாது என்கிறது மத்திய சாலை போக்குவரத்து அமைச்சக விதிப் புத்தகம்.

ஆனால் ரோட்டு வேலை நடக்கும் இடத்தில் சுற்றிலும் இருப்பது கரிசல் காடு. சரள் மண் வேண்டும் என்றால் தூரத்தில் இருந்து லாரியில் வர வேண்டும். பக்கத்து காட்டு மண்ணை அள்ளிப் போட்டால் டீசல் செலவு மிச்சம். அள்ளிய இடத்தில் பள்ளம் விழுந்து, மழைக்கு அதில் தண்ணீர் தேங்கி, ரோட்டின் அடியையே ஊற வைப்பது தனிக் கூத்து.

41 கிலோ தாங்கும் மண்

மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கு என்ஜினீயர்கள் பார்ப்பது சி.பி.ஆர். என்ற கணக்கு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாண நெடுஞ்சாலைத்துறையில் பிறந்த சோதனை இது. மண்ணை ஒரு இரும்பு அச்சில் இறுக்கி, 4 நாள் தண்ணீரில் ஊற வைத்து, 5 செ.மீ. குறுக்களவு உள்ள இரும்பு உருளையால் மெதுவாக அழுத்துவார்கள். அது இரண்டரை மில்லிமீட்டர் உள்ளே போக எத்தனை கிலோ தேவை என்பதுதான் கேள்வி. உடைத்த கருங்கல் ஜல்லி என்றால் 1,370 கிலோ வேண்டும். அதை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள்.

ஊறிய கரிசல் மண்ணுக்கு பெரும்பாலும் 2 அல்லது 3 தான் வரும். 3 என்றால் வெறும் 41 கிலோ! கிராம ரோடுகளுக்கான இந்திய சாலை காங்கிரஸ் கையேட்டில் 2 என்றால் 'மிக மோசம்', 3, 4 என்றால் 'மோசம்' என்றே வகை பிரித்திருக்கிறார்கள்.

இதில் முக்கியமானது அந்த 4 நாள் ஊறல். காய்ந்த கரிசல் கட்டியை கடப்பாரையால் குத்தினாலும் லேசில் உடையாது. வைகாசியில் மண் எடுத்து, ஊற வைக்காமல் சோதித்தால் மண் பிரமாதம் என்றுதான் காகிதம் சொல்லும். மழைக்காலத்தில் லாரி ஏறும்போது அந்தக் காகிதம் வந்து தாங்காது.

மண் மாறினால் ரோட்டின் கனம் எவ்வளவு மாற வேண்டும்? இந்திய சாலை காங்கிரஸ் 2001-ம் ஆண்டு வெளியிட்ட கையேட்டில் பட்டியலே இருக்கிறது. ஆயுள் முழுக்க 1 கோடி லாரி அச்சு ஏறி இறங்கும் ரோடு என்று வைத்துக்கொள்வோம். சி.பி.ஆர். 8 உள்ள நல்ல மண் என்றால் மொத்த கனம் 55 செ.மீ. போதும். அதே ரோடு சி.பி.ஆர். 2 உள்ள மண்ணில் 85 செ.மீ. இருக்க வேண்டும். ஒரு அடி வித்தியாசம்.

அந்த ஒரு அடியில் தார் கலவை 4 செ.மீ. மட்டுமே. மீதி 26 செ.மீ. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் போகிற சரளும் ஜல்லியும். 7 மீட்டர் அகல ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு இது 1,820 கனமீட்டர் வரும். 3 யூனிட் டிப்பரில் 200 லோடுக்கு மேல். மேலே தார் போட்டு மூடியபின் இந்த 200 லோடு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ரோட்டில் போகிற யாருக்கும் தெரியாது. மழைக்குத்தான் தெரியும்.

இந்தக் கையேட்டை 2012-லும் 2018-லும் மாற்றினார்கள். 2018 கையேடு இன்னும் கறார். தினமும் 450-க்கு மேல் சரக்கு லாரி, பஸ் ஓடும் ரோடு என்றால், ஜல்லிக்கு கீழே உள்ள மண்ணின் பலம் 5-க்கு குறையவே கூடாது. குறைந்தால் நல்ல மண் கொண்டுவந்து கொட்ட வேண்டும், இல்லையென்றால் இருக்கிற மண்ணையே பக்குவப்படுத்த வேண்டும்.

ஓரம் ஏன் முதலில் உடைகிறது?

ரோட்டின் நடுப்பகுதிக்கு கீழே உள்ள மண் தாரால் மூடியிருப்பதால் ஈரம் அவ்வளவாக மாறாது. ஓரத்து மண் அப்படி இல்லை. வெயிலில் காய்ந்து சுருங்கும், மழையில் ஊறி உப்பும். நடு அசையாமல் இருக்க, ஓரம் மட்டும் வருஷா வருஷம் ஏறி இறங்கினால் என்ன ஆகும்? இடையில் கிழியத்தான் செய்யும். ஓரத்தில் நிற்கும் மரங்களின் வேர் ஈரத்தை உறிஞ்சும் இடத்தில் கிழிசல் இன்னும் மோசம்.

கிழிசல் வழியாக தண்ணீர் இறங்கும். லாரி சக்கரம் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் குழைந்த களி மேலே உள்ள ஜல்லி இடுக்குகளில் ஏறும். ஜல்லிக்கு நடுவே களி புகுந்தால் கல்லும் கல்லும் ஒன்றை ஒன்று பிடிக்காது, வழுக்கும். அந்த நிமிஷத்தோடு ரோட்டின் கதை முடிந்தது. தார் மேலே பளபளப்பாகவே இருக்கும், கொஞ்ச நாளைக்கு.

ரோட்டுக்கு குழி வெட்டி அதில் ஜல்லி நிரப்பி, ரெண்டு பக்கமும் கரிசல் மண்ணால் அணைத்துவிட்டால் அது ரோடு இல்லை, தண்ணீர் தொட்டி. உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியே இருக்காது. அதனால்தான் அடியில் போடும் சரள் அடுக்கை ரோட்டு மேட்டின் சரிவு வரை இழுத்துவிட வேண்டும், அது தண்ணீரை வடிக்கவேண்டும் என்கிறது விதி. ஓரத்து மண்ணை இன்னும் ரெண்டு மீட்டர் இழுத்தால் ஆகிற செலவை மிச்சம் பிடிப்பதில்தான் பல ரோடுகளின் ஆயுள் போகிறது.

குடிநீர் குழாய்க்கு ஓரத்தில் பள்ளம் தோண்டி, அதே கரிசல் மண்ணை அள்ளித் தள்ளி, இறுக்காமல் போய்விடுவது இன்னொரு வினை.

யார் உடைப்பது, யார் அடிபடுவது?

ரோட்டுக்கு ஏற்படும் சேதம் அச்சின் எடையைப் பொறுத்து நாலு மடிப்பாக ஏறும் என்பது என்ஜினீயர்கள் போடும் பொதுவான கணக்கு. அதாவது அச்சு எடை ரெண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. பைக், சைக்கிளால் ரோடு உடைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். 2018-ம் ஆண்டு மத்திய அரசு லாரியின் 4 டயர் அச்சுக்கு அனுமதித்த எடையை 10.2 டன்னில் இருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. 13 சதவீதம்தானே என்று தோன்றும். அந்த நாலு மடிப்பு கணக்குப்படி பார்த்தால் சேதம் 60 சதவீதம் கூடுகிறது. அதற்கு மேல் ஏற்றும் ஓவர்லோடு தனி.

ஆனால் விடிகாலை ஷிப்டுக்கு டி.வி.எஸ். 50-ல் போகும் தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளிதான் பள்ளத்தில் விழுகிறார். பிரசவ வலியோடு ஆட்டோவில் வருகிற பெண்ணுக்குத்தான் ஒவ்வொரு குலுக்கலும் தெரிகிறது.

பள்ளத்துக்கு ஒட்டுப் போடுவதும், பழசின் மேலேயே இன்னொரு அடுக்கு தார் ஊற்றுவதும் நோய்க்கு மருந்து இல்லை, சட்டை மாற்றுவதுதான். ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகும் கொடுமைக்காக, பழைய தாரை சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. ஆனால் கரிசல் பகுதியில் தாரை மட்டும் சுரண்டினால் போதாது. அடியில் களி ஏறிய ஜல்லியையும் பார்த்தாக வேண்டும்.

சுண்ணாம்பு வைத்தியம்

நல்ல மண் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? வழி இருக்கிறது. கரிசல் மண்ணோடு எடைக்கு 3 முதல் 5 சதவீதம் வரை சுண்ணாம்பு கலந்தால் அதன் ஒட்டுக் குணம் போய் பொலபொலவென்று ஆகும். உப்பல் அடங்கும், பலம் பல மடங்கு ஏறும். அருப்புக்கோட்டை அருகே பந்தல்குடி பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமே இருக்கிறது. ஆனால் கல்லைப் பொடித்துப் போட்டால் பலிக்காது. சூளையில் சுட்ட சுண்ணாம்புதான் வேண்டும். தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் வரும் சாம்பலையும் சுண்ணாம்போடு சேர்த்துக் கலக்கலாம்.

இதில் அவசரம் ஆகாது. கட்டி உடைத்து, சீராகக் கலந்து, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி, சில நாள் வண்டி விடாமல் பதப்படுத்த வேண்டும். மழைக்கு முன்பே வேலை முடிய வேண்டும். கலக்கும் கூலி ஆட்களுக்கு கையுறை, கண்ணாடி, முகமூடி கட்டாயம். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

இன்னொரு வழி, களி மேலே ஏறாமல் தடுக்க மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே விரிப்பு போடுவது. தென்னை நார் விரிப்பை பிரதமர் கிராம சாலை திட்டத்தில் பயன்படுத்த 2020-ம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. 7 மாநிலங்களில் 1,674 கி.மீ., அதில் தமிழ்நாட்டுக்கு 369 கி.மீ. நார் சில வருஷத்தில் மக்கிப் போகும்தான். அதற்குள் கீழே உள்ள மண் இறுகிவிடும்.

அந்தத் திட்டத்தில் போடும் ரோட்டை 5 வருஷம் காண்டிராக்டரே பராமரிக்க வேண்டும். எந்த அடுக்குக்கு எவ்வளவு பொருள் என்று உள்ளூர் மொழியில் தகவல் பலகை வைக்க வேண்டும். மற்ற ரோடுகளுக்கு 2005-ம் ஆண்டு வந்த தகவல் உரிமை சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டு மூன்று விவரம் கேட்கலாம்: 4 நாள் ஊற வைத்து எடுத்த சி.பி.ஆர். எவ்வளவு, தாருக்கு கீழே எந்தெந்த அடுக்கு எத்தனை செ.மீ., நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது.

மனுவுக்கு பதில் வர 30 நாள் வரை ஆகும். அதனால் டெண்டர் போர்டு வைத்த உடனே கேட்பதுதான் நல்லது. தார் ஊற்றிய பிறகு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, ரோட்டையே தோண்ட வேண்டியிருக்கும்.