நாற்பதிலிருந்து ஒன்று வரை

எண்ணத் தொடங்குவோர் ஒன்றிலிருந்து தொடங்குவதே உலக வழக்கு. அவ்வழக்கைத் தலைகீழாக்கி, நாற்பதிலே தொடங்கி ஒன்றிலே முடித்த வானொலி நிகழ்ச்சி ஒன்று, அமெரிக்க நாட்டில் ஒரு தலைமுறை இளைஞரைத் தன்பால் ஈர்த்து வைத்திருந்தது. 'அமெரிக்கன் டாப் ஃபார்ட்டி' என்பது அதன் பெயர். 1970ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் அது தொடங்கியபோது ஏழு நிலையங்களே அதனை ஒலிபரப்பின. எண்பதுகளிலோ அந்நாட்டில் மட்டும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒலிபரப்பின. கடல் கடந்து பணியாற்றிய அமெரிக்கப் படைவீரரும் தம் படைக்குரிய வானொலியில் அதனைக் கேட்டனர்.

அந்நிகழ்ச்சியை இன்றும் விரும்பிக் கேட்போர் உளர். அவர்கள் கேட்பது புதிய நிகழ்ச்சியை அன்று. எண்பதுகளில் ஒலித்த பழைய பதிவையே கேட்கின்றனர். அமெரிக்க நிலையங்கள் பல, வார இறுதியில் அப்பதிவுகளை மீண்டும் ஒலிபரப்பி வருகின்றன. நாட்காட்டியில் இஃது எந்த வாரமோ, 1982இலோ 1986இலோ அதே வாரத்தில் ஒலித்த நிகழ்ச்சி தேர்ந்தெடுக்கப்படுகிறது. முதலிடம் பெற்ற பாட்டு எது என்பது கேட்போர் பலருக்கு முன்னரே தெரியும். முடிவு தெரிந்த ஓட்டப்பந்தயத்தை ஒருவர் நான்கு மணிநேரம் அமர்ந்து கவனிப்பதா என்று நகைப்போரும் இருக்கின்றனர். அந்நகைப்பு பொருந்தாது என்பதே என் கருத்து. அவ்வன்பர்கள் அங்கே தேடுவது முடிவை அன்று.

நிகழ்ச்சி அமைந்த முறையை முதலில் அறிதல் வேண்டும். 'பில்போர்டு' என்னும் இதழ் 1958 முதல் நூறு பாடல்களை வரிசைப்படுத்தி வெளியிட்டு வருகிறது. எண்பதுகளில், எந்த இசைத்தட்டு நன்கு விற்றது என்று கடைக்காரரும், எப்பாடலைப் பன்முறை ஒலிபரப்பினோம் என்று வானொலி நிலையத்தாரும் தெரிவித்த செய்திகளைக் கூட்டி அவ்வரிசை கணிக்கப்பட்டது. நூற்றுள் முதல் நாற்பது மட்டும் வானொலியில் இடம்பெற்றன. தொடக்கத்தில் மூன்று மணிநேரமாக இருந்த நிகழ்ச்சி, 1978இல் நான்கு மணிநேரமாக விரிந்தது.

அதனை நடத்தியவர் கேசி கேசம். லெபனான் நாட்டு வழிவந்த பெற்றோருக்கு 1932இல் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். 1970 முதல் 1988 வரை அப்பணியில் இருந்தார். குழந்தைகள் விரும்பும் 'ஸ்கூபி-டூ' என்னும் கேலிச்சித்திரப் படத்தில் ஷேகி என்னும் இளைஞனுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. பாடலைச் சொல்லுமுன் பாடியவரைப் பற்றி ஒரு சிறு கதை சொல்வார். பெயரை மட்டும் சொல்லாமல் நிறுத்துவார். இடையே விளம்பரம் வரும். அதன் பின்னரே முடிச்சு அவிழும். நம் ஊர்க் கதைசொல்லிகள் கையாளும் உத்திதான் அது. ஆயினும் அவர் கையில் அஃது அலுத்ததே இல்லை. தொலைவில் உள்ள அன்பருக்கு ஒரு பாட்டைப் பரிசாக அனுப்பக் கோரி நேயர் எழுதிய கடிதங்களையும் அவர் படித்துக் காட்டினார்.

நிகழ்ச்சி நேரடியாக ஒலிபரப்பானதன்று. முன்னதாகப் பதிவு செய்யப்பெற்று, பெரிய இசைத்தட்டுகளில் அச்சாகி, வாரந்தோறும் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது. அவ்வாரம் கழிந்தால் அத்தட்டுகளுக்குப் பயன் இல்லை. நேற்றைய நாளிதழை எவர் விலைகொடுத்து வாங்குவர்? ஆயினும் குப்பைக்குச் செல்ல வேண்டிய அத்தட்டுகளுட் சில, பாதுகாப்பாரின் கைகளிற் சேர்ந்தன. இன்று அவை அரும்பொருளாக மதிக்கப்படுகின்றன.

அக்காலத்துப் பிள்ளைகள் கேட்ட முறையும் எண்ணத்தக்கது. வெறுமனே காது கொடுத்தவர் சிலர். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு அமர்ந்தவர் பலர். நாற்பது எண்களை இறங்குவரிசையில் முன்னரே எழுதி வைத்து, ஒவ்வொன்றாக நிரப்புவர். சென்ற வாரம் பதினேழில் இருந்த பாட்டு இவ்வாரம் ஒன்பதுக்கு ஏறியதா, இருபதுக்குச் சரிந்ததா என்று ஒப்பிடுவர். வேறு சிலர் ஒலிநாடாவில் பதிவு செய்தனர். அறிவிப்பாளர் பேச்சை முடிப்பதும் பாட்டுத் தொடங்குவதும் ஒரே நொடியில் நிகழுமாதலால், விரலைப் பொத்தானின்மீது வைத்தபடியே காத்திருந்தனர். எத்துணை விரைந்தாலும் அவர் குரலின் கடைசிச் சொல் ஒன்று நாடாவில் ஒட்டிக்கொண்டே வரும். அச்சொல்லோடு சேர்த்தே அப்பாட்டை நினைவிற் கொண்டோர் இன்றும் உளர்.

பிரிட்டனிலும் இதே ஆர்வம் இருந்தது. அங்கே 1987 வரை புதிய வரிசையைப் பி.பி.சி. செவ்வாய்க்கிழமை நண்பகலில் அறிவித்து வந்தது. பள்ளி உணவு இடைவேளையில் மாணவர் சிறு வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்றனர். நம் பக்கத்திலும் இவ்வழக்கம் புதிதன்று. இலங்கை வானொலியில் 1952 முதல் அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா', இந்தித் திரைப்பாடல்களை இவ்வாறே படிப்படியாக வரிசைப்படுத்தியது.

இனி, தோற்ற பாட்டு ஒன்றின் கதையைச் சொல்வேன். 1981ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒலிவியா நியூட்டன்-ஜான் பாடிய 'ஃபிசிக்கல்' முதலிடத்தைப் பிடித்தது. அடுத்த வாரமே ஃபாரினர் என்னும் குழுவின் பாட்டு இரண்டாமிடத்தில் வந்து நின்றது. இன்று ஏறும், நாளை ஏறும் என்று அதன் அன்பர்கள் காத்திருந்தனர். ஒன்பது வாரங்கள் சென்றன. மேலே இருந்தது அசையவில்லை. பத்தாம் வாரத்தில் ஒருவழியாக அஃது இறங்கியது. அந்தோ! கீழிருந்து பாய்ந்து வந்த ஹால் அண்டு ஓட்ஸ் என்னும் இருவர் பாட்டு, ஃபாரினர் பாட்டைக் கடந்து, காலியான இடத்தில் அமர்ந்துகொண்டது. பத்து வாரம் வாயிலில் நின்ற பாட்டு, உள்ளே நுழையாமலே திரும்பிற்று. காதலிக்காகக் காத்திருத்தலே அப்பாட்டின் பொருள் என்பதை அறிந்தோர் புன்னகை செய்யாமல் இரார்.

'எண்பதுகளின் இனிய பாடல்கள்' என்று இன்று தொகுப்போர், வென்ற பாடல்களுள்ளும் சிலவற்றையே மீண்டும் மீண்டும் எடுத்து வைக்கின்றனர். முப்பதாம் இடம் வரை ஏறிச் சரிந்தவற்றை எவரும் தொடுவதில்லை. நாளடைவில், அக்காலத்தில் அச்சில பாடல்களே ஒலித்தன என்று இளையோர் எண்ணத் தலைப்படுகின்றனர். இறங்குவரிசை நிகழ்ச்சியோ ஒரு வாரத்தை அவ்வாரம் இருந்தபடியே காட்டுகிறது. பின்னாளில் புகழ்பெறப் போகும் பாட்டு, அதில் முப்பத்தாறாம் இடத்தில் ஒதுங்கி நிற்கும். பின்னாளில் மறக்கப்படும் பாட்டு, ஐந்தாம் இடத்தில் தலைநிமிர்ந்து நிற்கும். எது நிலைக்கும், எது மறையும் என்று அறியாத காலத்தின் குரலை நாம் அங்கே கேட்கிறோம். வென்றோர் வரலாறே வரலாறு எனக் கொள்ளும் பிழை இசையுலகிலும் உண்டு. அப்பிழைக்கு இவ்வன்பர்கள் இடங்கொடாமல் நிற்கின்றனர்.

வரிசை எண்ணே தகுதியின் அளவுகோல் என்று நான் கூறவில்லை. கடைக்காரர் சொல்லை நம்பிக் கட்டிய கணக்கு அது. சொல்லில் மறதியும் விருப்பு வெறுப்பும் கலத்தல் இயல்பு. 1991இல் விற்பனையைக் கருவிகொண்டு எண்ணத் தொடங்கியதும், அதுவரை பின்தங்கியிருந்த சில இசைவகைகள் திடுமென முன்னேறின. இடங்களும் எப்போதும் நீதியாக அமைந்தவை அல்ல. 1981இல் பிரிட்டனில் அல்ட்ராவாக்ஸ் குழுவின் 'வியன்னா' நான்கு வாரம் இரண்டாமிடத்திலேயே நின்றது. அவற்றுள் மூன்று வாரம் அதனை மறித்து நின்றது ஜோ டோல்சே பாடிய ஒரு வேடிக்கைப் பாட்டு. அக்குறை மக்கள் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது போலும்! 2013இல் நடந்த நேயர் வாக்கெடுப்பில், முதலிடம் எய்தாத பாடல்களுட் சிறந்தது என்று 'வியன்னா'வையே தேர்ந்தனர்.

மற்றொரு நன்மையும் உண்டு. 1981ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு ஆகிய இரு திங்களுக்குள், கூல் அண்டு தி கேங் என்னும் கறுப்பினக் குழுவின் நடன இசையும், டாலி பார்ட்டனின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டும், ஆர்.இ.ஓ. ஸ்பீட்வாகன் குழுவின் ராக் இசையும் மாறி மாறி முதலிடம் பெற்றன. ஒன்றை விரும்பியவர் மற்றதையும் கேட்டே தீர வேண்டியிருந்தது. இன்றோ, நாம் முன்பு விரும்பியது எதுவோ அதைப் போன்றதையே கருவி மேலும் மேலும் ஊட்டுகிறது. பிடிக்காத ஒன்றைச் செவிமடுத்து, மூன்றாம் வாரத்தில் அதையே முணுமுணுக்கத் தொடங்கும் வியப்பு நமக்கு எளிதில் வாய்ப்பதில்லை. நாற்பதும் நல்ல பாட்டுகளா எனின், அல்ல. சில மறக்கப்பட்டதே முறை என்று எனக்கும் தோன்றியதுண்டு.

கேசி கேசம் 2014ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் மறைந்தார். எனினும் வார இறுதி வந்தால் அவர் குரல் நாற்பதாம் பாட்டிலிருந்து தொடங்கிவிடுகிறது. முப்பத்தெட்டாம் இடத்திற்கு ஒரே ஒரு வாரம் வந்து, மறுவாரமே மறைந்துபோன ஒரு பாட்டை அவர் அறிவிக்கிறார். எங்கோ ஓர் ஊரில், முடி நரைத்த ஒருவர் சமையலறையில் கைவேலையை நிறுத்திவிட்டு வானொலியின் ஒலியைச் சற்றே கூட்டுகிறார்.