வீட்டுக் காவலும் வெளிநாட்டுப் பட்டாளமும்

தாகம் எடுத்த பின் கிணறு வெட்டுவது மடமை என்பர். முன்னதாகவே வெட்டி வைத்த கிணற்றின் நீரையெல்லாம் அயலூருக்கு இறைத்து அனுப்பிவிட்டு, தன் கூரையில் தீப்பற்றிய நாளில் வெறுங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவனை என்னென்று அழைப்பது? உலகத்துச் சர்க்கார்கள் சில தங்கள் சேமப்படைகளை நடத்தும் முறை இவ்வாறுதான் இருக்கிறது. அதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

சேமப்படை என்பது யாது? வாரத்திற் பெரும்பகுதி கடையிலும் காரியாலயத்திலும் வேலை செய்து, ஓய்வு நாட்களில் படைப்பயிற்சி பெற்று, அழைப்பு வந்தால் சீருடை தரித்து நிற்கவேண்டிய குடிமக்களின் கூட்டமே சேமப்படை. மலேசியாவில் அதற்கு அஸ்கார் வாத்தானியா என்று பெயர். அமெரிக்காவில் நேஷனல் கார்டு. இந்தியாவில் டெரிடோரியல் ஆர்மி. சட்டத்தில் வேறுபாடுகள் உண்டு. ஆயினும் ஜனங்களுக்கு இவற்றைக் காட்டிக் கொடுக்கப்படும் வாக்குறுதிகள் இரண்டே. யுத்தம் வந்தால் நிலையான பட்டாளத்துக்குத் துணை என்பது ஒன்று. வெள்ளமும் புயலும் மண்சரிவும் வந்தால் ஊருக்குத் துணை என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நாளிற் கேட்கப்பட்டால் எதை நிறைவேற்றுவார்கள்? இந்தக் கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை.

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிகளாகிய நமக்குப் பட்டாள விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு இருப்புப் புத்தகம் தெரியும். ஒரே உர மூட்டையை இரண்டு கிடங்கில் இருப்பாக எழுதும் கிராணிக்கு மறுநாள் வேலை இராது. ஆனால் ஒரே வீரனை, ஒரே லாரியை, ஒரே படகை, வெளிநாட்டுப் போர்முனையில் ஒருமுறையும் உள்நாட்டு வெள்ளக்கரையில் மறுமுறையும் இருப்பாக எழுதும் சர்க்காருக்கு ஒரு குறையும் நேர்வதில்லை. அதற்கு ராணுவக் கொள்கை என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

இந்தப் பொய்க் கணக்கு வெளிப்பட்ட இடம் அமெரிக்கா. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி கத்ரீனா என்னும் பெரும்புயல் லூசியானா, மிசிசிப்பி ராஜ்யங்களைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைகள் உடைந்தன. கூரைகளின்மேல் ஏறி நின்ற ஏழைகள் நாட்கணக்கிற் காத்துக் கிடந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாளில் லூசியானாவின் 256-ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 3,000 நேஷனல் கார்டு வீரர்கள் எங்கே இருந்தனர்? ஈராக்கில். மிசிசிப்பியின் 155-ஆவது படைப்பிரிவு எங்கே இருந்தது? அதுவும் ஈராக்கில். தங்கள் வீடுகள் மிதப்பதை அவ்வீரர்கள் பாலைவனத்திலிருந்து கேள்விப்பட்டனர்.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. மற்ற ராஜ்யங்களிலிருந்து நேஷனல் கார்டு வீரர்கள் வந்து குவிந்தனர். அவர்கள் தொகை நாளடைவில் 50,000 வரை உயர்ந்தது. ஆகவே ஆள் குறைவால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பர். நாம் கேட்பது இதுதான்: அவர்கள் வந்தது எத்தனையாவது நாள்? வெள்ளத்தில் மூழ்குபவனுக்கு ஏழாம் நாளில் வரும் ஐம்பதினாயிரம் பேரைக் காட்டிலும் முதல் நாளில் வரும் ஐந்து பேரே பெரிது. அக்காலத்தில் நேஷனல் கார்டின் தலைமைப் பதவியிலிருந்த ஸ்டீவன் ப்ளம் என்ற ஜெனரலே, அந்த இரு படைப்பிரிவுகளும் ஊரில் இல்லாமையால் ஒரு நாளாவது தாமதம் நேர்ந்திருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டார். ஒரு நாள் என்பது காகிதத்தில் ஒரு கோடு. கூரைமேல் நிற்பவனுக்கு அதுவே ஆயுள்.

ஆட்களைவிடக் கருவிகளின் கணக்கு இன்னும் மோசமானது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை நிலையம் 2005-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வெளிநாடு செல்லும் பிரிவுகளுக்காக நேஷனல் கார்டின் தரைப்படையிலிருந்து 1,01,000-க்கு மேற்பட்ட சாமான்கள் அவ்வாண்டு ஜூலைக்குள் மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தன. லாரி போயிற்று, கம்பியில்லாத் தந்திக் கருவி போயிற்று. ஊரில் எஞ்சிய வீரனுக்குச் சீருடை இருந்தது, மனமும் இருந்தது. ஏறிச் செல்ல வண்டி இல்லை, பேசக் கருவி இல்லை. 2007 மே மாதம் 4-ஆம் தேதி கான்சாஸ் ராஜ்யத்தின் கிரீன்ஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சூறாவளி ஏறக்குறைய முழுதும் தரைமட்டமாக்கியபோது, அந்த ராஜ்யத்துக் கவர்னர் கேத்லீன் செபிலியஸ் இதையே முறையிட்டார்: இடிபாடுகளை அகற்றவேண்டிய வாகனங்கள் ஈராக்கில் நிற்கின்றன என்றார். தலைநகரிலிருந்து மறுப்பு உடனே வந்தது. மறுப்பறிக்கை எழுதக் காகிதத்துக்கு ஒருநாளும் பஞ்சமில்லை.

இது அமெரிக்கர் கதை, நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். நம் மூதாதையர் பிறந்த இந்திய மண்ணிலேயே இதன் கொடிய உருவத்தைக் காணலாம். 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தவுடன், அவர்கள் கையில் அகப்படக்கூடாதென்று வங்காளத்துக் கடலோர ஜில்லாக்களில் பத்துப் பேருக்குமேல் ஏற்றவல்ல படகுகளைச் சர்க்கார் பறிமுதல் செய்தது. 40,000-க்கு மேற்பட்ட படகுகள் இவ்வாறு மக்கள் கையைவிட்டுப் போயின. இந்தியச் சிப்பாய்களோ வடஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் போரிட்டுக்கொண்டிருந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் தேதி மிட்னாப்பூர்க் கரையைப் புயல் அடித்தது. சுமார் 14,500 பேர் மடிந்தனர். படகே வண்டியாகவும் படகே பிழைப்பாகவும் இருந்த நாட்டில் படகு இல்லை. அடுத்த ஆண்டு பஞ்சம் வந்து பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1943 அக்டோபரில் வேவல் வைஸ்ராயாக வந்து பட்டாளத்தை நிவாரணத்தில் இறக்கிய பின்னரே சோறு ஓரளவு ஊருக்குள் நகர்ந்தது. பட்டாளத்தால் ஜனங்களைக் காக்க முடியும் என்பதை அது காட்டியது. அதைச் செய்யச் சொல்ல ஓராண்டு ஆயிற்று என்பதையும் அதுவே காட்டியது.

மலேசியாவின் கணக்கையும் பார்ப்போம். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகாதிஷு நகரிற் சிக்கிய அமெரிக்கச் சிப்பாய்களை மீட்கும் வேலையில் மலேசிய வீரர்கள் தங்கள் கவச வண்டிகளுடன் முன்நின்றனர். அவர்கள் வீரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி, உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. 48 பேர் மாண்டனர். அயல்நாட்டுச் சந்துகளிற் சிக்கியவரை மீட்கப் பயிற்சியும் வண்டியும் இருந்தன. சொந்த நாட்டில் இடிபாட்டுக்குள் சிக்கியவரை மீட்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வரவேண்டியதாயிற்று. அந்தப் பேரிடருக்குப் பின்னரே ஸ்மார்ட் என்னும் தனி மீட்புக் குழு தோன்றியது. சோமாலியாவுக்குப் போனதால் கட்டடம் இடியவில்லை. அதை நாம் சொல்லவும் இல்லை. வெளியூர்க் கடமைக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் அறிவு, வீட்டுக் கடமைக்குப் பிணம் விழுந்த பிறகே வருகிறது என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

2007 முதல் லெபனானுக்கு மலேசியா அனுப்பிய அமைதிப்படை சுமார் 850 பேர் கொண்டது. அதனால் உள்நாட்டில் என்ன குறைந்துவிடும் என்று கேட்பாருண்டு. தலைகளை எண்ணினால் அவர்கள் சொல்வது சரியே. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் மாடிகளிற் காத்துக் கிடந்ததற்கு லெபனான் காரணமென்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அந்த நாளும் ஒரு பாடம் சொல்லிற்று. படகு வைத்திருந்த பொதுஜனங்கள் தாமே தண்ணீரில் இறங்கி அயலாரைக் கரை சேர்த்தனர்; சர்க்காரின் வேலையில் குறைகள் நேர்ந்ததைப் பிரதமரே ஒப்புக்கொண்டார். பட்டாளம் நாட்டுக்குள் இருந்தும் உரிய நேரத்தில் உரிய தெருவுக்கு வராதென்றால், நாட்டைவிட்டே போயிருக்கும் நாளில் என்னாகும்?

வெளிநாட்டு அனுபவம் வீரர்களைத் தேர்ந்தவர்களாக்குகிறது என்பது மற்றொரு வாதம். இருக்கலாம். ஆனால் அந்தத் தேர்ச்சி ஊர் திரும்பிய பிறகுதான் பயன்படும். மழை அதற்காகத் தவணை கொடுப்பதில்லை. மேலும், முதலில் வெளியே அழைக்கப்படுபவர் யார்? என்ஜினீயர், வைத்தியர், வாகனமோட்டி, கம்பியில்லாத் தந்தி அறிந்தவர். பேரிடரில் முதலில் வேண்டப்படுபவரும் அவர்களே. நூறு பேரில் பத்துப் பேரைத்தானே எடுத்தோம் என்பது, உடலிலிருந்து கண்ணை மட்டும்தானே எடுத்தோம் என்பது போலாகும்.

நம் மலைக்கு வருவோம். கேமரன் மலைக்கு ஏறும் பாதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து வரும் பழைய பாதையும், சிம்பாங் பூலாயிலிருந்து வரும் பாதையும், பகாங் பக்கத்திலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் பாதையுமே முக்கியமானவை. பெருமழையில் ஒரு சரிவு விழுந்தால் பாதை அடைபடும். கீழே ஆயிரம் வீரர்கள் ஆயத்தமாக நின்றாலும் மேலே ஒருவர் வர இயலாது. 1996 ஆகஸ்டு 29-ஆம் தேதி மலையின் மேற்கே போஸ் டிப்பாங்கில் மண்வெள்ளம் ஓராங் அஸ்லி மக்களின் ஊரை அடித்துக்கொண்டு போயிற்று. 44 பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 23-ஆம் தேதி பின்னிரவில், சுல்தான் அபு பாக்கார் அணையின் கதவுகள் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நீரும் சேறும் வீடுகளுக்குள் புகுந்தன, உயிர்களும் போயின. இருட்டில் வரும் வெள்ளம் பட்டாளத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கதவைத் தட்டக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரர் மட்டுமே.

இவற்றையெல்லாம் விதியென்றும் தெய்வச் செயலென்றும் சொல்லிக் கற்பூரம் ஏற்றிவிட்டு உறங்குவோருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை. மழை இயற்கை, படகில்லாமை இயற்கையன்று. அது யாரோ ஒருவர் கையெழுத்திட்ட உத்தரவு.

ஆகவே நாம் வேண்டுவன இவை. வெள்ளமும் சரிவும் நேரும் ஜில்லாக்களின் சேமப்படையை மழைக்காலத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாதென்று சட்டம் இருக்கவேண்டும். மீட்புக்கென்று வாங்கிய படகு, பம்பு, மின்னாக்கி, மண் வாரும் எந்திரம் ஆகியவற்றைத் தனி இருப்பாக எழுதி, எந்த மந்திரியின் உத்தரவாலும் வெளியே கொண்டுபோகாதபடி காக்கவேண்டும். அவற்றில் ஒரு பங்கு மலைக்குக் கீழே அன்று, மலைக்கு மேலேயே இருக்கவேண்டும். எந்தச் சரிவில் எப்போது நீர் கசியும் என்பதைத் தோட்டத்து மண்டோரும் கொழுந்து கிள்ளும் பெண்ணும் அறிவர். அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்து மீட்புப் பயிற்சி அளிக்கத் தோட்டங்களைக் கட்டாயப்படுத்தவேண்டும். அபாய அறிவிப்பு மலாயிலும் தமிழிலும் மட்டுமன்றி, இன்று நம்மோடு உழைக்கும் நேபாளியும் வங்காளியும் அறியும் மொழிகளிலும் ஒலிக்கவேண்டும். வெள்ளத்துக்குக் குடியுரிமைச் சீட்டுப் பார்க்கத் தெரியாது.

இது ஆகாத காரியமன்று. 2020 ஜனவரி 4-ஆம் தேதி ஆஸ்திரேலியச் சர்க்கார் காட்டுத்தீயை எதிர்க்க 3,000 வரையிலான சேமப்படையினரைக் கட்டாய அழைப்பில் வரவழைத்தது. அழைத்தார்கள், வந்தார்கள், ஏனெனில் அவர்கள் ஊரில் இருந்தார்கள்.

உலக அமைதிக்கு உதவ வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதற்கென்று நிலையான பட்டாளம் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. கடைசிக் காவலாக வைத்த குடிப்படையை வீட்டுவாசலிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய்க் கொடிக்குப் பெருமை தேடுவதைத்தான் எதிர்க்கிறோம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு மலையேறி வரும் கனவான்களிடம் நம் தோழர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: சரிவு விழுந்து பாதை அடைபட்ட இரவில், இம்மலையின்மேல் எத்தனை படகு, எத்தனை பம்பு, எத்தனை பயின்ற ஆட்கள் இருப்பார்கள்? தொகையைச் சொல்ல முடிந்தவருக்கு வாக்களிப்போம். சொல்ல முடியாதவர் வந்த பாதையிலேயே இறங்கிப் போகட்டும்.