ஹார்டு டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள்

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய கம்ப்யூட்டரைக் கீழே இறக்கினோம். ரிடையர் ஆன மறுவருஷம், 2003-ல், காஞ்சிபுரத்தில் அசெம்பிள் செய்து வாங்கியது. முதுகு வீங்கிய மானிட்டர், மஞ்சள் பூத்த பெட்டி, உள்ளே ஒரு பல்லி முட்டை. மகன் போனில், "அப்பா, இன்னுமா அதை வச்சிருக்கீங்க? காயலான் கடைக்குப் போட்டுடுங்க" என்றான். கடைக்காரரும் தெருவில் வந்தார். எல்லாம் சேர்த்து முந்நூறு என்றார். என் வீட்டுக்காரி வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான்தான் ஓடிப்போய், "மானிட்டரை எடுத்துக்கப்பா, பெட்டியை வச்சிட்டுப் போ" என்றேன்.

அந்தப் பெட்டிக்குள் என் பெரியம்மா இருந்தாள்.

2003 முதல் மூன்று நான்கு வருஷம், சாயங்காலங்களில் பெரியம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு எழுதிக்கொண்டேன். எங்கள் காவாந்தண்டலத்துக் கழனிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. எந்த மதகுத் தண்ணீர் எந்தக் கழனிக்கு முதலில் போகும், செய்யாற்றில் வெள்ளம் வந்தால் எந்தப் பக்கம் முதலில் முழுகும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நோட்டில் எழுதி, ராத்திரியில் கம்ப்யூட்டரில் அடித்து வைத்தேன். 2008-ல் பெரியம்மா போய்விட்டாள். அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் நின்றது. நோட்டுகள் 2015 மழையில் ஊறிக் கூழாயின. மிச்சம் இருந்தது அந்த டிஸ்க் ஒன்றுதான்.

ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இத்தனை வருஷம் ஓடாத டிஸ்க்ல ஒண்ணும் இருக்காது சார்" என்றான். இப்படி அடித்துச் சொல்கிறவர்களால்தான் எத்தனையோ வீட்டுக் கல்யாண போட்டோக்கள் குப்பைக்குப் போயின. கம்ப்யூட்டர் நின்றது என்றால் பெரும்பாலும் போனது பவர் சப்ளையாக இருக்கும், மதர்போர்டாக இருக்கும். டிஸ்க்கில் எழுதியது காந்தப் பதிவு. பெட்டி செத்தால் அதுவும் உடன்கட்டை ஏறாது. டெலிட் செய்த கோப்புகூட உடனே அழிவதில்லை. பொருளடக்கத்தில் இருந்து பெயரை அடிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறொன்றை எழுதும்வரை பழையது அங்கேயேதான் கிடக்கிறது.

என் தம்பி பேரன் இன்ஜினீயரிங் படிக்கிறான். "பெரிய தாத்தா, நான் பாக்கறேன்" என்று லீவில் வந்தான். பழைய நாற்பது முள் டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் மாட்டும் ஒரு சின்ன அடாப்டர், தனியாகக் கரண்ட் கொடுக்க ஒரு ஒயர். போட்டதும் 'விர்ர்' என்று சுற்றியது. அவன் காதை வைத்துக் கேட்டான். 'டக், டக்' என்று அடித்துக்கொண்டால் உடனே நிறுத்திவிட வேண்டுமாம். தலைப்பகுதி கெட்டிருக்கும், திரும்பத் திரும்பப் போட்டால் தகடே கீறிப்போகும். எங்கள் அதிர்ஷ்டம், சத்தம் இல்லை. ஒரு கோப்பையும் திறக்க அவன் விடவில்லை. முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுத்து, அதற்குப் பிறகு நகலில் மட்டும்தான் கைவைத்தான். டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். கெட்ட இடம் வந்தால் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து மறுபடி முயன்று பார்க்கிறது. சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பது சொச்சம் கோப்புகள் வந்துவிட்டன. கடைப் பையனைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல் இருந்தது.

முதல் கோப்பைத் திறந்தோம். ஒரே ஆங்கில எழுத்து. நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி, தலைகீழ்க் கேள்விக்குறி. பெரியம்மாவின் பாட்டு ஒரு வரி இல்லை.

டிஸ்க் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டது. நாங்கள் ஏமாந்தது எழுத்தில்.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் எப்படி வேலை செய்தன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அதில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்தின் முகத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டினார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். முகமூடி இருக்கும்வரை அம்மா. முகமூடி போனால் வெறும் எம், கே. இதிலாவது எது எதற்கு என்று ஊருக்கே தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு முகமூடி போட்டு, எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை ரகசியமாக வைத்துக்கொண்டதுதான் அநியாயம். நான் வாங்கியது அப்படி ஒன்று. பென்ஷன் பணத்தில் வாங்கினேன். கூடவே பிரிண்டர் மாட்டும் இடத்தில் செருக ஒரு கட்டை கொடுத்தார்கள், டாங்கிள் என்று. அது செருகினால்தான் தமிழ் அடிக்க முடியும். என் பெரியம்மா பாட்டுக்கு இன்னொருவன் சாவி! அதைக் கைநீட்டி வாங்கிய முட்டாள் நான்தான், மறுக்கவில்லை.

"அப்போ வேற வழி இல்லையே சார்" என்பார்கள். 1995-ல் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1991-ல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் 2000-லேயே யூனிகோட் தமிழ் வந்துவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூட்டி, டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரமாக முடிவு செய்தார்கள். அதையாவது எல்லாரும் பின்பற்றினார்களா? அவரவர் கடை அவரவர் எழுத்து என்றே ஓடியது. தமிழக அரசு யூனிகோட்தான் தரம் என்று ஏற்றது 2010-ல், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். இடையில் போன பத்து வருஷத்தில் தமிழில் அடித்த மனுக்கள், தீர்மானங்கள், ஸ்கூல் ஆண்டுமலர்கள், என்னைப் போன்ற கிழங்களின் குறிப்புகள் எத்தனை பெட்டிகளில் முடங்கிக் கிடக்கின்றனவோ.

வழி இருந்தது என்பதற்குச் சாட்சியும் உண்டு. 1998-ல் மதுரைத் திட்டம் தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் உலகம் முழுக்கப் பரவிய தொண்டர்களும் பழந்தமிழ் நூல்களைச் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டார்கள். அதுவும் ஆரம்பத்தில் யூனிகோட் இல்லை, திஸ்கி என்ற எட்டு பிட் குறியீடுதான். ஆனால் திஸ்கியின் அட்டவணையைத் திறந்து வைத்தார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யூனிகோட் வந்ததும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அந்த நூல்களை இன்று போனிலேயே படிக்கிறோம். அதே வருஷங்கள், அதே மாதிரி கம்ப்யூட்டர்கள். அவர்கள் பூட்டவில்லை, அதனால் பிழைத்தது.

எங்கள் தாலுகா உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. முப்பது குடும்புக்கும் எப்படி ஆள் எடுப்பது, யார் நிற்கக் கூடாது, எல்லாம் ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் படிக்க முடிகிறது. பழைய எழுத்துப் பயின்றவர் போய் நின்றால் போதும். கல் தச்சனின் வாரிசிடம் போய் டாங்கிள் கேட்க வேண்டியதில்லை. நான் அடித்தது இருபது வருஷத்துக்கு முந்தியது. எனக்கே படிக்க முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். அந்நாளில் ஆபீஸ்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் எழுத்துரு விற்றுக் காசு பார்த்தவர்கள் தங்கள் அட்டவணையை இப்போதாவது வெளியிட்டால் என்ன குடி முழுகிவிடும்? அந்த எழுத்துருவை இனி யார் விலைக்கு வாங்கப்போகிறார்கள்? பள்ளிக்கூடத்திலும் பஞ்சாயத்து ஆபீசிலும் பழைய கம்ப்யூட்டரை ஏலத்துக்கு விடும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று நகல் எடுத்துவிட்டு விடுங்கள் என ஓர் உத்தரவு போட எவ்வளவு செலவாகும்? ஊர் டி.டி.பி. கடைகளில் பழைய முகமூடியைத்தான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால், "பழகிடுச்சு சார்."

எங்கள் கதைக்கு வருகிறேன். எழுத்துருக் கோப்பு அதே டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கிடந்தது. நீங்களும் எடுத்தால் அதை மறக்காமல் எடுங்கள். அதைப் போட்டதும் திரையில் தமிழ் வந்தது. ஆனால் வாட்ஸப்பில் அனுப்ப முடியாது, தேட முடியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் பாமினி, திஸ்கி, டாப் எல்லாம் இருந்தன, என்னுடையது இல்லை. பையன் விடவில்லை. எனக்கு நினைவிருந்த வரிகளை நான் சொல்ல, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அவன் ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டு வந்தான். பதினோரு நாள். 'ணை', 'லை' இரண்டும் எங்களைப் படுத்திய பாடு தனி. பன்னிரண்டாம் நாள் காலையில் தாலாட்டு மொத்தமும் என் போனில் இருந்தது. வீட்டுக்காரி கண்ணாடி போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். அந்த அட்டவணையை, கேட்கிற யாருக்கும் கொடுக்கிறேன்.

மூன்று கோப்புகள் கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டன. அதில் ஒன்று, நடவு முடிகிற அன்று கரையேறும்போது பாடுவது. பாதியில் நிற்கிறது. பெரியம்மாவுடன் நடவுக்குப் போன ஒருத்தர் மாகறலில் மகள் வீட்டில் இருக்கிறாராம், வயது எண்பத்தேழு, காது கேட்காதாம், ஆனால் பாட்டு மறக்கவில்லையாம். நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். நோட்டும் பேனாவும் எடுத்து வைத்தாயிற்று.