வேதாளத்தை வரைந்தவர்

தோளிலே பிணமும் கையிலே உருவிய வாளுமாக இருளில் நடக்கும் விக்கிரமாதித்தனை, அம்புலிமாமா படித்த எவரும் மறந்திரார். அச்சித்திரத்தைத் தீட்டியவர் ‘சங்கர்’ என்னும் கே. சி. சிவசங்கரன். 1924-இல் பிறந்த அவர், சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில் பயின்று, 1946-இல் கலைமகளில் சேர்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்து, ஏறத்தாழ 60 ஆண்டுகள் அரக்கரையும் தேவரையும் நம் கண்முன் நிறுத்தினார்.

இந்தியில் ‘சந்தாமாமா’, மராத்தியில் ‘சாந்தோபா’ என்று பதிப்புக்குப் பதிப்பு மொழி மாறிற்று, சித்திரம் மாறவில்லை. வடக்கே இந்தியிலேயே படித்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர், அதை வரைந்தவர் தமிழர் என்றே அறியார்.

2020-இல், தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதோ 2021-இல். விருதைப் பெற அவர் இல்லை. அவர் பெயரையேனும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போமாக.