சாட்சிக் கையெழுத்துப் போட்டவனின் புகார்

ஆசிரியர் அவர்களுக்கு,

'ஜீனோம் இந்தியா' திட்டத்தைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 20 நிறுவனங்கள் சேர்ந்து 2020-ல் தொடங்கிய வேலை அது. 83 சமூகத்தாரிடம் ரத்தம் பெற்று, ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அந்தத் தரவுகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தும் விட்டார்கள். பெரிய காரியம்தான். ஆனால் ரத்தம் கொடுத்தவர்களிடம் என்ன சொல்லி வாங்கினார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அது எனக்கு உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதியில் ஓர் இலவச மருத்துவ முகாம் நடந்தது. அதற்கும் 'ஜீனோம் இந்தியா'வுக்கும் சம்பந்தமில்லை. ஒரு மேசையில் சர்க்கரை, பிரஷர் பார்த்தார்கள். பக்கத்து மேசையில் வேறொரு குழு, 'பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கு' என்று ரத்தம் எடுத்தது. வந்தவர்களில் பாதிப் பேர் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள். கொட்டைப் பால் பட்டுப் பட்டுத் தோலுரிந்த விரல்கள். ரேஷன் கடைக் கருவியிலேயே ரேகை விழாது. படிவத்திலும் வெறும் மைக்கறைதான் விழுந்தது. பள்ளி ஆசிரியர் என்பதால் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்கள். நான்கு பக்கப் படிவம், முழுக்க ஆங்கிலம். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. படிக்காமலே போட்டேன், இருபது கையெழுத்துக்குக் குறையாது.

ரத்தம் எடுத்த பிள்ளை ஓர் ஆய்வு மாணவி. "எல்லாருக்கும் விளக்கிச் சொல்ல நேரமில்ல சார். இன்னிக்குள்ள நூறு சேர்க்கலேன்னா எங்க சார் திட்டுவாரு" என்றாள். அந்தச் சாரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் தெளிவாகவே இருக்கின்றன. ஒப்புதல் படிவம், ரத்தம் கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஒரு நகலை அவர் கையில் தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போடுவது, படிவத்தில் உள்ளதை இன்னாருக்கு விளக்கிச் சொன்னார்கள், அவர் மனமொப்பிக் கொடுத்தார் என்பதற்காக. நான் போட்டவை எல்லாம் பொய்ச் சாட்சி. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு சொட்டு ரத்தத்துக்கு இவ்வளவா என்று சிலர் கேட்கலாம். சர்க்கரை அளவு என்னோடு போயிற்று; மரபணு அப்படியல்ல. அது என் அண்ணன் தம்பி, பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் எல்லாரைப் பற்றியும் சொல்லும். அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டிக்கொண்டு, சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்துவரும் ஊர்களில் ஒருவரின் ரத்தம் ஒரு வகையறாவின் ரத்தம். பெயரை அழித்துவிட்டு எண் போட்டாலும், 'அந்த வகையறாவுக்கே அந்த நோய் உண்டாம்' என்ற பேச்சு கிளம்பினால் பெண் கேட்டு யார் வருவார்கள்?

காப்பீட்டிலும் இந்தப் பயம் வீண் பயமல்ல. இதயத் தசை நோயாளி ஒருவருக்கு, 'மரபணுக் கோளாறு' என்று காரணம் காட்டிக் காப்பீட்டுப் பணம் மறுக்கப்பட்ட வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 2018-ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அமெரிக்காவில் 2008-லேயே இதற்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே தனிச் சட்டம் இல்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆராய்ச்சிக்கு விலக்கு அளிக்கிறது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்பவனல்ல நான். இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபணுக் குறை நம்மவரில் 100-க்கு 4 பேரிடம் இருக்கிறது என்பது 2009-ல் தெரியவந்தது. அந்த ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட ஆய்வுகள் இன்னும் வேண்டும். அதனால்தான் மக்களின் நம்பிக்கையைக் கெடுக்காதீர்கள் என்கிறேன்.

கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டில் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினர், சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று 1990-களில் ரத்தம் கொடுத்தார்கள். அதை மனநோய் பற்றியும் அவர்களின் பூர்வீகம் பற்றியும் ஆராயப் பயன்படுத்தியது தெரிந்ததும் வழக்குத் தொடுத்தார்கள். 2010-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நிர்வாகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்தது. இங்கிலாந்தில் சாங்கர் என்று ஒரு புகழ்பெற்ற மரபணு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2019-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம், அந்த நிறுவனம் ஆப்பிரிக்க மக்களின் மரபணு மாதிரிகளை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தப் பார்த்ததாகச் சொல்லி, மாதிரிகளைத் திருப்பிக் கேட்டது. நிறுவனம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். அங்கே ரத்தம் கொடுத்தவர்களுக்காகத் திருப்பிக் கேட்க ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. எங்கள் முந்திரிக் களத்துப் பெண்களுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

குறை அந்த மாணவியிடம் இல்லை. எத்தனை குழாய் ரத்தம் வந்தது என்று கணக்குக் கேட்கும் தலைவர், எத்தனை பேருக்கு விளக்கிச் சொன்னாய் என்று கேட்டிருந்தால் அவளும் உட்கார்ந்து சொல்லியிருப்பாள். தலைமை எதைக் கேட்கிறதோ அதுதான் களத்தில் நடக்கும்.

ஆகவே அரசும் ஆராய்ச்சி நிறுவனங்களும் கவனிக்க வேண்டியவை இவை. ஒப்புதல் படிவம் தமிழில், எல்லாருக்கும் புரியும் நடையில் இருக்க வேண்டும். அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். நகலில் ஆய்வுத் தலைவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவில் சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது இப்போதே விதி. அந்த ஒருவர் ரத்தம் எடுக்கப்படும் ஊர்ப்பக்கத்தவராக இருக்கட்டும். ஆய்வு முடிந்ததும் கண்டது என்ன என்பதை அதே ஊரில் வந்து சொல்ல வேண்டும். மரபணுவைக் காட்டி வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்குவதைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும்.

போன வாரம் கடைத்தெருவில் ஒரு அம்மா கேட்டார்: "சார், அன்னைக்கு ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாங்களே, என்ன வந்துச்சாம்?" நான்தான் சாட்சி என்பதால் என்னிடம் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவரின் பெயர் அந்த நான்கு பக்கத்தில் எங்கோ இருந்திருக்கும். நானும் படிக்கவில்லை, எங்களிடம் நகலும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
வரதராஜன்பேட்டை,
அரியலூர் மாவட்டம்.